முள்முருக்குப் பூவில குந்துற குருவி என்ன வேலை செய்யுது? கொழும்பில இருந்தே பார்த்து விளங்கிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மாசிக் கடைசி, பங்குனி எண்டா வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் முள்முருக்கு இலை எல்லாத்தையும் கொட்டிப்போட்டு சிவப்பு சிவப்பாப் பூத்து நிக்கும், குயிலும் விடியமுன்னமே கத்தத் தொடங்கிடும், சிங்களச் சனம் எரபது (முள்முருக்கு) பூத்திட்டுது அவுருது (புதுவருசம்) வருகுது எண்டு சொல்லுங்கள், எங்கட வீட்டில அம்மாவும் சித்திரை வருசத்துப் பலகாரச் சாமானுக்கு லிஸ்ட் எழுதத் தொடங்கிடுவா. அந்த நேரம் எங்கட நாலாம் மாடி பல்கனியில நிண்டு பார்த்தா மரத்தின்ர உச்சி கண்ணுக்கு நேரதான் இருக்கும். காகம், மைனா, கொண்டைக்குருவி, அணில், தேன்சிட்டு எண்டு காலையில ஒரு சந்தையே அங்க நடக்கும்.

வீட்டுக்கு வாற ஆக்கள் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, அந்தச் சின்னன் ஹம்மிங்பேர்டா எண்டுதான். இல்லை. ஹம்மிங்பேர்ட் கிட்டத்தட்ட 360 இனம் இருக்கு, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலதான். எங்கட நாட்டில நீங்கள் பாக்கிறது தேன்சிட்டு, அது வேற குடும்பம். ரெண்டாவதா எல்லாரும் சொல்லுறது, "தேன் குடிக்குது, அப்ப மகரந்தச் சேர்க்கை நடக்குது" எண்டு. இதைத்தான் நான் திருத்தோணும் எண்டு நினைக்கிறன். பூவில வந்து குந்தினா மட்டும் மகரந்தச் சேர்க்கை நடக்காது. தேன் குடிக்கிற எல்லாரும் மரத்துக்கு வேலை செய்யிறதில்லை, சிலது களவெடுக்குது, சிலது பூவையே பிய்ச்சுத் திண்டிட்டுப் போகுது, சிலதுதான் மகரந்தத் தூளைக் கொண்டுபோய் சரியான இடத்தில போடுது. எது எது எண்டு உங்கட கண்ணால பிரிச்சுப் பாக்கிறது எப்பிடி எண்டதுதான் இந்த வழிகாட்டி. ஒரு கொப்பி, பேனை, ஃபோன் காணும். 8 மடங்கு பைனாகுலர் இருந்தா நல்லம், இல்லாட்டியும் பரவாயில்லை.

படி 1: சரியான மரத்தைப் பிடியுங்கோ

பூக்கிற எல்லா மரத்துக்கும் பறவை தேவையில்லை. கொழும்பு முழுக்க மஞ்சள் மஞ்சளாத் தொங்குற கொன்றையில தேனே இல்லை, அது தேனீக்களுக்கு மகரந்தத்தைத்தான் சாப்பாடாக் குடுக்குது. கோயில், விகாரைப் பக்கம் நிக்கிற நாகலிங்கமும் அப்பிடித்தான். அரலியா வாசம் அடிக்கும், ஆனா தேன் வைக்கிறதில்லை, வாசத்தைக் காட்டி இரவில அந்துப்பூச்சியை ஏமாத்துது. பஞ்சு எடுக்கிற இலவம் வெள்ளையாப் பூத்து இரவில விரியும், அது வௌவாலுக்கு. ஆனா முள்ளிலவு, சிங்களத்தில கட்டு இம்புல் எண்டு சொல்லுறது, பெரிய சிவப்புப் பூ, பகலில விரிஞ்சு நிக்கும், அது பறவைக்கு. இலவு காத்த கிளி எண்டு காலங்காலமாச் சொல்லுறம், காய் பழுக்கும் எண்டு இருந்து ஏமாந்த கிளியைப் பற்றி. அந்த இலவில காய் பிடிக்கோணும் எண்டா அதுக்கு முதல் பூக்காலத்தில வேற ஆரோ வந்து வேலை பாத்திருக்கோணும் எண்டு நான் முள்ளிலவைப் பார்த்த பிறகுதான் யோசிச்சன்.

பறவைப் பூவை அடையாளம் பிடிக்கிறது சுகம். சிவப்பு இல்லாட்டி செம்மஞ்சள், வாசம் இல்லை, இதழ் தடிப்பு, தேன் அள்ளிக் கொட்டும், குந்துறதுக்குத் தடிச்ச தண்டு பக்கத்திலயே இருக்கும். சிவப்பு ஏனெண்டா தேனீக் கண்ணுக்குச் சிவப்பு வடிவாத் தெரியாது, பறவைக்கு எங்களை விட நல்லாத் தெரியும், எங்களுக்குத் தெரியாத புற ஊதா நிறம்கூட அதுகளுக்குத் தெரியும். அப்ப சிவப்பாப் பூத்தா தேனீக் கூட்டம் வந்து தேனை முடிக்கிறது குறையும், பறவைக்கு மிச்சம் இருக்கும். வாசத்தில மரம் செலவழிக்காததுக்குக் காரணம் இந்தக் குருவியள் மணத்தைத் தேடி வாறதில்லை, கண்ணாலதான் தேடுறது.

கொழும்பில பாக்க நான் சொல்லுறது மூண்டு. முதலாவது முள்முருக்கு, ஊரில கலியாணத்துக்குக் கன்னிக்கால் ஊண்டுற அதே மரம். ரெண்டாவது ரோசா நிறத்தில பூத்து நிலத்தில பாய் விரிச்ச மாதிரிக் கொட்டுற ஜம்பு மரம், அதில பூ கொப்பிலயும் அடிமரத்திலயும் பதிவா வரும், கிட்டப் போய்ப் பாக்கலாம். மூண்டாவது ஸ்பத்தோடியா எண்டுற ஆபிரிக்கத் துலிப், கிண்ணம் மாதிரி செம்மஞ்சள் பூ, சின்னனில மொட்டை அமத்தித் தண்ணி பீச்சி விளையாடின ஆக்களுக்கு மறக்காது. பாக்கப் பாருங்கோ, ஆனா அதைப் புதுசா நடாதேங்கோ, ஈரவலயக் காடுகளுக்குள்ள அது பரவி உள்ளூர் மரங்களின்ர இடத்தைப் பிடிக்குது.

மரமே இல்லாத ஃபிளற்ஸில இருக்கிறீங்களா, ஒரு செவ்வரத்தைச் சட்டி காணும். பழகிறதுக்கு அதை விட நல்லது இல்லை, ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

படி 2: விழுந்த பூவை எடுத்து உள்ளுக்குப் பாருங்கோ

இந்தப் படியை விட்டிட்டு நேர குருவியைப் பாக்கப் போனா ஒண்டும் விளங்காது. விடிய மரத்துக்குக் கீழ போய் புதுசா விழுந்த முள்முருக்குப் பூ ஒண்டை எடுங்கோ. வாடினது வேண்டாம்.

பெரிய சிவப்பு இதழ் ஒண்டு, ரெண்டு அங்குலத்துக்கு மேல நீளம், அது கொடி மாதிரி, தூர இருந்து கூப்பிடுறதுக்கு. மற்ற இதழ் எல்லாம் சின்னன். அவரைக் குடும்பம்தான் இதுவும், ஆனா அவரைப் பூவில, அகத்திப் பூவில எல்லாம் கேசரங்களை இதழ் மூடிக்கொண்டு இருக்கும், இதில பத்துக் கேசரமும் வெளியில நீட்டிக்கொண்டு நிக்கும். அதுகளின்ர நுனியில இருக்கிறது மகரந்தக்கூடு. நடுவில ஒரு மெல்லிய தண்டு, அதுதான் தம்பம், அதின்ர நுனி குறி, தூள் வந்து சேரவேண்டிய இடம். ஓஎல் சயன்ஸில படம் கீறி லேபல் பண்ணின அதே சாமான்தான், இப்ப உங்கட கையில இருக்கு. விரலை மகரந்தக்கூட்டில மெல்லமாத் தேயுங்கோ, தூள் ஒட்டும். இப்ப பூவின்ர அடியைப் பாருங்கோ, புல்லிக்குள்ள தேன் நிக்கும். விழுந்த பூவில வடிஞ்சு போயிருந்தா பதிவான கொப்பில நிக்கிற ஒண்டைப் பாருங்கோ. நாக்கில வைக்கத் தேவையில்லை, விரலில தொட்டாலே தெரியும், தண்ணி மாதிரி இருக்கும், போத்தில் தேன் மாதிரிப் பிசுபிசுக்காது.

அந்தத் தண்ணித்தன்மைக்கும் காரணம் இருக்கு. தேனீ விரும்புறது கெட்டித் தேன், அது காவிக்கொண்டு போய் இன்னும் வத்தவைக்கோணும், தண்ணியைக் காவுறது அதுக்கு வீண். பறவைக்கு ஐதான தேன் பிரச்சினை இல்லை, நிறையக் குடிக்கும். சீனி வகையும் வித்தியாசம். அமெரிக்காவில ஹம்மிங்பேர்டுக்காகப் பூக்கிற முருக்கு இனங்களின்ர தேனில நாங்கள் தேத்தண்ணிக்குப் போடுற சீனி, அதாவது சுக்ரோஸ்தான் கூட. எங்கட பக்கத்து முருக்கு இனங்களில குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான் கூட. எங்கட மரத்துக்கு வாறது குந்தி இருந்து குடிக்கிற சாதாரணக் குருவியள், அதில மைனாக் குடும்பத்துக்காரரில சிலதுக்கு சுக்ரோஸை உடைக்கிற நொதியமே வயித்தில இல்லை. ஒரே சாதி மரம், வாற விருந்தாளியைப் பொறுத்து சமையலை மாத்தி வைச்சிருக்கு. இதை முதல் தடவை வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை.

இப்ப அளந்து பாருங்கோ. தேன் இருக்கிற இடத்துக்கும் மகரந்தக்கூட்டுக்கும் இடையில எவ்வளவு தூரம்? உங்கட சின்ன விரலைச் சொண்டு மாதிரி நினைச்சு தேனைத் தொடப் போங்கோ, தூள் விரலில எந்த இடத்தில முட்டுது எண்டு பாருங்கோ. முழு விசயமும் அந்த இடத்திலதான் இருக்கு. ஒரு பறவை தேனுக்குப் போகேக்க அதின்ர நெத்தி, தாடை, நெஞ்சு ஏதாவது ஒண்டு மகரந்தக்கூட்டில முட்டோணும், பிறகு அடுத்த பூவில அதே இடம் குறியில முட்டோணும். ரெண்டில ஒண்டு நடக்காட்டி அந்தப் பறவை வெறும் விருந்தாளி.

படி 3: வாற ஆக்களைத் தெரிஞ்சு வையுங்கோ

எல்லாத்தின்ர பேரும் தேவையில்லை, ஆறேழு காணும்.

எங்கட ஒழுங்கைகளில கூடக் காணுறது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. பத்து சென்ரிமீற்றர்தான் இருக்கும். ஆணுக்கு வயிறு மஞ்சள், முதுகு கருஞ்சிவப்பு, தொண்டையும் பிட்டமும் ஊதா, தலையில வெயில் பட்டா பச்சை மின்னும். பெண் மண்ணிறம், கீழ மஞ்சள், தொண்டை சாம்பல் வெள்ளை. மற்றது லோட்டன் தேன்சிட்டு, ஆண் தூரத்தில கறுப்பாத் தெரியும், சொண்டு நல்ல நீளம், அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கும், அந்தச் சொண்டை ஒருக்காப் பார்த்தா பிறகு மாறாது. 1752 இல இருந்து 1757 வரைக்கும் இலங்கையில டச்சுக்காரரின்ர கவர்னரா இருந்த யோன் கிடியோன் லோட்டன்ர பேர்தான் அதுக்கு. அந்த மனுசன் இங்கத்தைய பறவைகளை எல்லாம் படமாக் கீறுவிச்சவர், கீறினது இலங்கையிலயே பிறந்த பீற்றர் கோர்னேலிஸ் டி பெவேரே. அந்தச் சிட்டுக்கும் ஊதாப்பிட்டத்துக்கும் சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ் விஞ்ஞானப் பேர் வைச்சது 1766 இல. யாழ்ப்பாணத்தில உங்கட வீட்டு மாதுளையில பார்த்த முழுக்கறுப்பு நீலம் ஊதாத் தேன்சிட்டா இருக்கும், அது உலர்வலயத்தில கூட.

பிறகு வெள்ளைக்கண்ணி, பச்சை மஞ்சளா கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம், கூட்டமா வரும். கொண்டைக்குருவி, மைனா, மாம்பழக்குருவி, காகம் எல்லாருக்கும் தெரியும். பூக்கொத்தி எண்டு ஒண்டு இருக்கு, தேன்சிட்டை விடச் சின்னன், நிறமே இல்லாத மாதிரி இருக்கும், அதைப் பற்றித் தனியாச் சொல்லோணும், பிறகு வாறன்.

காகத்தைக் குறைவா நினைக்காதேங்கோ. முள்முருக்கு மாதிரித் திறந்து கிடக்கிற பூவில காகமும் மைனாவும் தலையைக் குடுத்துக் குடிக்கேக்க முகம் முழுக்கத் தூள்தான், உடம்பு பெரிசு, தூரத்து மரத்துக்கும் பறந்து போகும். வடிவான சின்னக் குருவிதான் நல்ல வேலைக்காரன் எண்டு முடிவு கட்டிக்கொண்டு பாக்கத் தொடங்கினா பிழையாத்தான் எழுதுவீங்கள்.

படி 4: நேரம் பார்த்து ஒரே இடத்தில இருங்கோ

விடிய ஆறில இருந்து எட்டுக்குள்ள. அந்த நேரம் தேன் நிறைய இருக்கும், பறவைக்கும் இரவு முழுக்கப் பட்டினி. பத்து மணிக்கு மேல வெயிலும் த்ரீவீல் சத்தமும் சேர்ந்து ஒண்டும் பாக்கேலாது. பின்னேரம் நாலரைக்குப் பிறகும் வரும், ஆனா சித்திரை மாதத்தில பின்னேரம் இடி மழை அடிச்சா பூவில தண்ணி ஏறித் தேன் கழுவிப்போகும், அடுத்த நாள் காலமை புதுப் பூ விரிஞ்சாத்தான் திரும்பக் கூட்டம்.

முழு மரத்தையும் பாக்காதேங்கோ. ஒரு கொப்பு, அதில மூண்டு நாலு பூங்கொத்து, அவ்வளவுதான். பத்து நிமிசம் கண்ணை எடுக்காமப் பாருங்கோ, பிறகு அஞ்சு நிமிசம் எழுதுங்கோ. என்ன பறவை, எத்தினை பூவைத் தொட்டுது, எங்கால வந்து குடிச்சுது, தூள் எங்க முட்டினது, பிறகு எந்தப் பக்கம் பறந்தது. ஃபோனில ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தா பெரிய உதவி, ஏனெண்டா தேன்சிட்டு ஒரு பூவில நிக்கிறது ஒண்டு ரெண்டு செக்கன்.

பழகிறதுக்கு விகாரமாதேவிப் பூங்காவும் நல்லம், கொஞ்சம் வெளியில எண்டா பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்கள். ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் எண்ட சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ கொழும்புக்கு 2018 இல ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சது, அந்த ஈரநிலங்களைச் சுத்தி நிக்கிற மரங்களிலதான் நகரத்துக்குள்ள வாற குருவியளில கனக்க தங்குது.

படி 5: வேலைக்காரன் ஆர், கள்ளன் ஆர்

இதுக்குத்தான் செவ்வரத்தை. செவ்வரத்தைப் பூவில நடுவில நீளமா ஒரு தண்டு நீட்டிக்கொண்டு நிக்கும், அதைச் சுத்தி மஞ்சள் தூள், நுனியில அஞ்சு சின்னச் சிவப்புக் குமிழ், அதுகள்தான் குறி. தேன் இருக்கிறது பூவின்ர அடியில, குழாய்க்குள்ள ஆழத்தில.

போன வருசம் எங்கட பல்கனிச் சட்டியில ஒரு ஊதாப்பிட்டப் பெண் வந்துகொண்டிருந்தது. நான் யன்னலுக்குப் பின்னால, இடையில மூண்டடிதான் இருக்கும். அது பூவுக்கு முன்னால வரவே இல்லை. காம்பில குந்திச்சுது, தலையைச் சரிச்சுது, பச்சைப் புல்லிக்கும் இதழுக்கும் இடையில சொண்டைப் பக்கவாட்டில குத்திச்சுது, நாக்கு உள்ளுக்குப் போய் வந்தது, தொண்டை துடிச்சுது, முடிஞ்சுது. அடுத்த பூ, அதே மாதிரி. நாலு பூவில குடிச்சிட்டுப் போச்சுது, அதின்ர உடம்பில ஒரு மணி மஞ்சள் தூள் இல்லை. பிறகு நான் கிட்டப் போய்ப் பார்த்தன், ஒவ்வொரு பூவின்ர அடியிலயும் ஊசி குத்தின மாதிரி ஒரு கீறல். இதைத்தான் தேன் களவு எண்டு சொல்லுறது. தேன் போச்சுது, மரத்துக்குக் கூலி கிடைக்கேல்லை.

ஆனா அதே பறவை முள்முருக்கில களவெடுக்கிறது மட்டும் எண்டு சொல்லேலாது. ஒரு பூவில பக்கவாட்டில நுழையும், அடுத்த பூவில முன்னால வந்து தாடை முழுக்கத் தூள் பூசிக்கொண்டு போகும். அதால பறவைக்கு "நல்லது, கூடாது" எண்டு முத்திரை குத்தாம, ஒவ்வொரு வருகையையும் தனித்தனியா எழுதுங்கோ. "முட்டினது", "முட்டேல்லை" எண்டு ரெண்டே ரெண்டு நிரல் போட்டாக் காணும். ஒரு கிழமை முடிய கூட்டிப் பாருங்கோ, ஆர் எவ்வளவு எண்டு தானா வெளிக்கும்.

கிளி வந்தா பூவைக் கடிச்சுக் கீழ போட்டிட்டுப் போகும், அதை மூண்டாவது நிரலில போடுங்கோ. அணிலும் தேனுக்கு வரும், மீசையில தூளோட அடுத்த கொத்துக்கு ஓடும், அதையும் விடாதேங்கோ, பறவை மட்டும்தான் வேலை செய்யுது எண்டு ஒரு சட்டமும் இல்லை.

நீர்கொழும்புக் களப்புப் பக்கம் கண்டலுக்குள்ள போக வாய்ப்புக் கிடைச்சா சிவப்புப் புல்லி இருக்கிற பெரிய பூக் கண்டலைத் தேடிப் பாருங்கோ. அதின்ர இதழ் ஒவ்வொண்டும் கேசரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கும், தேன்சிட்டின்ர சொண்டு பட்ட உடன வெடிச்சு முகத்தில தூளை அடிக்கும். மெல்லிய ஈர்க்கால தொட்டாலும் வெடிக்கும்.

படி 6: குருவிச்சையை ஒருக்காப் பாருங்கோ

கொழும்பில பழைய மாமரம் நிக்கிற வீடு எண்டா அனேகமா ஒரு கொப்பிலயாவது குருவிச்சை, மரத்தில ஒட்டி அதின்ர சத்தை உறிஞ்சி வளருற செடி, இருக்கும். எங்கட ஆக்கள் வைச்ச பேரையே பாருங்கோ, குருவி அதுக்குள்ளயே இருக்கு. பூ குழாய் மாதிரி நீளம், செம்மஞ்சள் பக்கம். அந்த மொட்டு முத்தினாப் பிறகு சொண்டால மெல்ல நெரிச்சாப் பட்டெண்டு திறக்கும், தூள் குருவியின்ர நெத்தியில விழும். 1930களின்ர ஆரம்பத்தில இந்தியப் பறவை ஆய்வாளர் சலீம் அலி கொங்கண் பக்கம் இதை இருந்து பார்த்து விவரமா எழுதினவர், தேன்சிட்டு பூவைக் கவனிக்குது, பூக்கொத்தி பழத்தைக் கவனிக்குது எண்டு.

பழத்தின்ர கதை இன்னும் அருமை. பூக்கொத்தி பழத்தை முழுங்கும், கொஞ்ச நேரத்தில கொட்டை பின்னால வரும், ஆனா அது பசை மாதிரி ஒட்டிக்கொண்டு விழாது, குருவி பிட்டத்தைக் கொப்பில தேய்ச்சுத்தான் விடுவிக்கோணும். தேய்ச்ச இடத்திலயே கொட்டை ஒட்டி முளைக்கும். அடுத்த குருவிச்சை ரெடி. பூவைத் திறக்கிறதும் குருவி, விதையை நடுறதும் குருவி.

மாமரக்காரருக்கு இது தொல்லைதான், கொப்பு காஞ்சு போகும். நான் சொல்லுறது, மரம் முழுக்கப் பரவ விடாதேங்கோ, ஆனா பெரிய ஆரோக்கியமான மரம் எண்டா ஒரு கொப்பில ஒண்டை விட்டு வையுங்கோ. ஜாம் பழ மரம் பக்கத்தில இருந்தா பூக்கொத்தி அங்கயும் வரும், டிக் டிக் எண்டு விடாமச் சத்தம் போடுறது அதுதான்.

படி 7: குருவி அடுத்ததா எங்க போகுது எண்டு பாருங்கோ

இது கஷ்டம், ஆனா முக்கியம். ஒரே மரத்தில கொத்துக்குக் கொத்து தாவினா அந்த மரத்தின்ர தூள் அந்த மரத்துக்கேதான். கன மரங்கள் தன்ர தூளில காய் பிடிக்காது, பிடிச்சாலும் குறைவு, விதை நோஞ்சானா இருக்கும். வேற மரத்தின்ர தூள் வந்தாத்தான் நல்ல விதை. அதால பறவை மரத்தை விட்டுப் பறக்கிற அந்த நேரம்தான் கவனிக்கோணும். ரெண்டு பேர் சேர்ந்து செய்தா நல்லம், ஒராள் இந்த மரத்தடியில, மற்றாள் அடுத்த ஒழுங்கை மரத்தடியில, வாட்ஸ்அப்பில "இப்ப ஒரு ஆண் உங்கட பக்கம் பறக்குது" எண்டு சொல்லிக்கொண்டு இருக்கலாம். நானும் தங்கச்சியும் அப்பிடித்தான் ரெண்டு காலமை செய்தம்.

மூண்டு வருசத்துக்கு முதல் எங்கட ஒழுங்கை முனையில ஒரு முள்முருக்கு நிண்டது. கட்டடம் கட்ட எண்டு ஒரே நாளில வெட்டிப்போட்டினம், பூவோட. வெட்டின கொப்பில அப்பவும் ரெண்டு தேன்சிட்டு வந்து குடிச்சுக்கொண்டு இருந்தது, லொறியில ஏத்தும் மட்டும். நான் அண்டைக்கு அழுதன். அந்த மரம் வெறும் நிழல் மரம் இல்லை, எங்கட பக்கத்து மரத்துக்கு அதுதான் சோடி. அதுக்குப் பிறகு எங்கட மரத்தில காய் குறைஞ்சதைத்தான் நான் பார்த்தன். மழையும் அந்த வருசம் வேற மாதிரி, அதால காரணம் இது ஒண்டுதான் எண்டு அடிச்சுச் சொல்ல மாட்டன்.

இன்னொரு விசயம் ஆரும் யோசிக்கிறதில்லை. முள்முருக்கை எங்கட ஆக்கள் விதையில நடுறதில்லை, தடியை வெட்டி ஊண்டுறதுதான், வேலிக்கும் வெத்திலைக்கும் மிளகுக்கும் கன்னிக்காலுக்கும் எல்லாம். ஒரே மரத்தின்ர தடியை பத்து இடத்தில ஊண்டினா பத்தும் உண்மையில ஒரே மரம். குருவி ஒண்டில இருந்து மற்றதுக்குத் தூளைக் கொண்டுபோனாலும் தன்ர தூளைத் தனக்கே போட்ட மாதிரித்தான். வேலி முழுக்கப் பூ, குருவியும் வருகுது, காய் மட்டும் குறைவு எண்டா இதையும் நினைச்சுப் பாருங்கோ.

படி 8: பையைக் கட்டிப் பரிசோதியுங்கோ

கண்ணால பார்த்தது சரியோ எண்டு உறுதிப்படுத்த இதுதான் வழி. ஜம்பு மரம் இதுக்குச் சுகம், பூ கைக்கு எட்டும். விரியப்போற மொட்டுகளை மூண்டு பிரிவா எடுங்கோ, ஒவ்வொண்டிலயும் இருபது மொட்டாவது வேணும், கலர் நூல் கட்டி அடையாளம் வையுங்கோ.

முதல் பிரிவை அப்பிடியே விடுங்கோ, ஆரும் வரலாம். ரெண்டாவது பிரிவைச் சுத்தி கோழிக்கூட்டு வலையால ஒரு கூடு செய்யுங்கோ, தேனீயும் எறும்பும் ஓட்டைக்குள்ளால போகும், பறவை போகாது. கூடு பூவில இருந்து நல்லாத் தள்ளி இருக்கோணும், இல்லாட்டி லோட்டன் வெளியில நிண்டே சொண்டை நீட்டிக் குடிக்கும். மூண்டாவது பிரிவை மெல்லிய வலைப்பையால மூடுங்கோ, கலியாண வீட்டில கேக் போட்டுக் குடுக்கிற அந்த மினுமினுப்புப் பை சரியாப் பொருந்தும், புறக்கோட்டையில மலிவா வாங்கலாம், நுளம்பு வலைத் துண்டும் சரி. பொலித்தீன் போடவே வேண்டாம், உள்ளுக்குப் புழுங்கி மொட்டு அழுகிடும்.

கேசரம் எல்லாம் கொட்டினாப் பிறகு பையையும் கூட்டையும் கழட்டுங்கோ. மூண்டு நாலு கிழமையில பிஞ்சு எத்தினை நிக்குது எண்டு எண்ணுங்கோ. மூடின பையிலயும் காய் நிறைய இருந்தா அந்த மரம் தன்ர தூளிலயே காய்க்குது. கூட்டுக்குள்ள இருந்ததும் திறந்திருந்ததும் ஒரே அளவு எண்டா பூச்சியே காணும். திறந்ததில மட்டும் கூட எண்டா, வலைக்குள்ளால போகேலாத பெரிய ஆக்கள்தான், பறவையா இருக்கலாம், அணில், வௌவாலாவும் இருக்கலாம். பொது இடத்து மரத்தில செய்யிறதெண்டா கேட்டுச் செய்யுங்கோ, கொப்பை முறிக்காதேங்கோ.

படி 9: வீட்டில கூப்பிட

சீனித்தண்ணிப் போத்தில் தொங்கவிடுறது எனக்கு விருப்பமில்லை. எங்கட வெக்கையில ஒரு நாளிலயே புளிச்சுப் பூஞ்சணம் பிடிக்கும், குருவிக்கு வருத்தம் வரும், பூவுக்குப் போற குருவி போத்திலுக்குப் போகும். அதுக்குப் பதிலா செவ்வரத்தை, வெட்சி, இடம் இருந்தா ஒரு வாழை. வாழைப்பொத்தியில தேன்சிட்டு காலமை தவறாம நிக்கும், நாங்கள் தின்னுற வாழைக்கு விதையும் தேவையில்லை மகரந்தமும் தேவையில்லை, ஆனா தேன் இருக்கு, குருவிக்குச் சாப்பாடு.

மருந்து அடிக்காதேங்கோ. தேன்சிட்டு தேனில மட்டும் வாழுறதில்லை, குஞ்சுக்குப் புழு பூச்சி சிலந்திதான் குடுக்கும். சிலந்தி வலையையும் ஒட்டடை எண்டு எல்லாத்தையும் அடிச்சுத் துடைக்காதேங்கோ, அந்த நூலாலதான் கூட்டைக் கட்டித் தொங்கவிடுறது. பெண் தனியக் கட்டும், காஞ்ச பட்டை, புழு எச்சம் எல்லாம் வெளியில ஒட்டி குப்பை தொங்குற மாதிரி இருக்கும், வாசலுக்கு மேல சின்ன முகப்பும் வைக்கும். உடுப்புக் காயப்போடுற கம்பியில, வயரில எல்லாம் கட்டும். ரெண்டு முட்டை. குஞ்சு பறக்கும் மட்டும் அந்தக் கம்பியை விட்டிட்டு வேற இடத்தில காயப்போடுங்கோ. தண்ணிச் சட்டி வைச்சா தினமும் ஊத்திப்போட்டுப் புதுத்தண்ணி விடுங்கோ, டெங்கு நுளம்புக்கு இடம் குடுக்கக் கூடாது. யன்னல் கண்ணாடியில தன்ர உருவத்தோட சண்டை பிடிச்சா உள்ளுக்குத் திரைச்சீலையை இழுக்கிறதால போகாது, வெளிப்பக்கமாப் பேப்பர் ஒட்டுங்கோ.

படி 10: காயைப் பாருங்கோ, விதையை நடுங்கோ

முள்முருக்கில பூ முடிஞ்ச பிறகு எல்லாரும் மரத்தை மறந்திடுவினம். அப்பதான் உங்கட கொப்பிக்கு விடை வரும். நீங்கள் பார்த்த அதே கொப்பில எத்தினை காய் தொங்குது எண்டு எண்ணுங்கோ. காய் கறுத்துக் காஞ்சாப் பிறகு உள்ளுக்கு அவரை விதை மாதிரி கருஞ்சிவப்பா விதை இருக்கும், இடையில வீங்காம ஒட்டிப்போன இடம் எல்லாம் விதை பிடிக்காத இடம், அதையும் எழுதுங்கோ. விதை நஞ்சு, சின்னப் பிள்ளையளின்ர கையில குடுக்காதேங்கோ.

தோல் சரியான கடினம், அப்பிடியே நட்டா கன நாள் எடுக்கும். நகம் வெட்டியால ஒரு ஓரத்தில, முளை வாற கண்ணைத் தொடாம, வெள்ளை தெரியும் மட்டும் ஒரு சின்ன வெட்டு. இரவு முழுக்கத் தண்ணியில போடுங்கோ, விடிய ஊதியிருந்தா உயிர் இருக்கு. தண்ணி தேங்காத மண்ணில ஒரு அங்குல ஆழத்தில. தடி ஊண்டினதை விட பூக்க வருசம் கூட எடுக்கும்தான், ஆனா ஒவ்வொரு கன்றும் வேற வேற மரம், பக்கத்தில நிக்கிற பழைய மரத்துக்கு உண்மையான சோடி.

போன வருசம் எங்கட மரத்தில பொறுக்கின ஏழு விதையில மூண்டு முளைச்சுது, ஒண்டை நத்தை திண்டிட்டுது, ரெண்டு இப்ப பல்கனியில முழங்கால் உயரம். சட்டி காணாது, வேர் அடியால வருகுது. மாரி மழைக்கு முதல் ஒழுங்கை முனையில, அந்தக் கட்டட மதிலுக்கு வெளியில ரெண்டடி மண் இருக்கு, அதில ஒண்டை வைக்கலாமோ எண்டு அங்கத்தைய வாச்சர் ஐயாவிட்டக் கேட்டிருக்கிறன், கேட்டுச் சொல்லுறன் எண்டவர்.